மாமா ஏன் சிவந்தார்?

“அக்கா, மாமா சிவந்துட்டாரு!”

எதிர் மேசையிலிருந்து குழுத் தலைவன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த காபி தளும்பியது.

பஸ் டிக்கெட் விற்கும் இணையதளம் அவர்களுடையது. தினமும் காலையில் அதற்குச் சோதனைகள் தாமாகவே ஓடும். கற்பனைப் பயணிகள் தளத்துக்குள் நுழைந்து, விவரம் கொடுத்து, இருக்கை பிடித்து, டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் திரையில் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

அந்தப் பயணிகளில் மூத்தவர் மாமா. இந்த ஏற்பாட்டை அவள் முதன்முதலில் செய்தபோது ஒரு பயணிக்குப் பிறந்த தேதி தேவைப்பட்டது. “என்னோடதைப் போட்டுக்கோயேன், சும்மாதானே கிடக்கு” என்றார் கணவர். போட்டுவிட்டாள். பின்னால் வேலைக்கு வந்து, அவளை அக்கா என்று கூப்பிடும் கூட்டம் அந்தப் பயணியை மாமா ஆக்கிக்கொண்டது. முறை தவறக் கூடாதல்லவா?

மாமா இதுவரை சிவந்ததே இல்லை.

மதியம் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் வெளியே விடமாட்டார்கள்.

“நேத்துலேர்ந்து யாரும் ஒரு எழுத்துகூட மாத்தலையே!” குழுத் தலைவன் தலையைச் சொறிந்தான். “முழு டிக்கெட் வரணும், பாதிதான் வருது. பேசாம இந்தப் பழைய டெஸ்டைத் தூக்கிடலாமாக்கா?”

அவள் காபியை மேசையில் வைத்தாள்.

“கையை வச்சிடாத, இரு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டணத்தைப் பார்த்தாள். பிறந்த தேதியைப் பார்த்தாள். தேதி காலையிலிருந்தே நினைவில் இருந்ததுதான். வயதைத்தான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“தளத்துல ஒரு தப்பும் இல்ல, தம்பி. மாமாவுக்கு இன்னைக்கு அறுபது! முதியவர் சலுகை கொடுத்திருக்கு.”

அறையே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

“அப்போ வயசை அம்பதுன்னு கட்டிப்போட்டுடுங்க. பிறந்த தேதியை அதுவே இன்னைலேர்ந்து பின்னால எண்ணிக்கட்டும். மாமாவுக்கு வயசே ஏறாது” என்றான் அவன்.

நியாயமான யோசனை. தட்டச்சும் செய்தாள். செய்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்தாள்.

முழுக் கட்டணத்துக்கு என்றைக்கும் முப்பது வயதாகவே இருக்கும் புதுப் பயணி ஒருவரைச் சேர்த்தாள். மாமாவின் தேதியை அப்படியே விட்டாள். வர வேண்டிய கட்டணத்தை மட்டும் பாதியாக்கினாள்.

“எதுக்குக்கா ரெண்டு பேரு?”

“சலுகைக்கு நம்மகிட்ட டெஸ்டே இல்லையே. அதை மாமா பாத்துப்பாரு. அவருக்கு வயசாகட்டும், விடு.”

ஓடவிட்டாள். வரிசையாகப் பச்சை. மாமாவும் பச்சை.

தேவையே இல்லை. ஆனாலும் மாமாவை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டாள்.

“வீட்டுக்குப் போனதும் மாமாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்கக்கா.”

“நீயே சொல்லேன். அதோ, டிக்கெட் எடுத்துட்டிருக்காரு.”

அவன் திரையைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

ஐம்பத்து நான்கு வயதோடு மூச்சு நின்றுபோனவர், அறுபது வயதுக்காரராக, ஜன்னலோர இருக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.