மூன்றாவது முடிச்சு

தம்பி தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் மங்கையர்க்கரசி, பட்டுச்சேலையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நடக்க முடியாத அவளுடைய பேட்டரி வண்டியைச் சின்னக் காருக்குள் திணிக்க, கணவர் தெய்வநாயகம் ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டினார். நேற்றே டேப் வைத்து அளந்து தாளில் குறித்துக்கொண்ட மனுஷன். பின்சீட்டையும் முன்சீட்டையும் மடக்கிய பிறகுதான் டிக்கியைச் சாத்த முடிந்தது.

“ஏறு, கிளம்பலாம்!”

“எங்க ஏற?”

அவர் காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

“என்னை அளக்கலையா? முகூர்த்தத்துக்கு அரை மணிதான் இருக்கு. இறக்குங்க வண்டியை!”

கடைவீதியில் அவள் வண்டி ஊர்ந்தது. பின்னாலேயே காலிக் கார், முதல் கியரில். முந்திப் போகச் சொல்லி அவள் கை காட்டிக்கொண்டே இருந்தாள். அவர் போகவில்லை. எந்த மண்டபத்திலிருந்தோ கெட்டிமேளம் கேட்டது.