அகார் தட்டில் சின்ன விரல்கள்

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறுவருடம் காஜா பேராங் பகுதியில் ஒரு கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய என் அகார் தட்டில் விரல் பதிப்பார்கள். கிருமி வளர்ந்து விரல் வடிவம் தெரிந்ததும், சாயம் ஏற்றி வகை பிரிப்பேன்.

அப்படி வேலைக்கு வந்த ஷரீஃபா அக்காவின் தட்டில், அவர் விரல்களுக்கு இடையில் சின்ன விரல்களும் வளர்ந்திருந்தன, கோத்துப் பிடித்தாற்போல. அவர் விரல்களில் எல்லோர் தோலிலும் இருக்கும் கிருமிதான். சின்ன விரல்களில் இருந்தது, பிள்ளைகளைக் கொல்லும் தொண்டை அடைப்பான் கிருமி.

“வீட்டுல சின்னப் பிள்ளை இருக்காக்கா?”

“இருந்தா தம்பி. போன வருஷம் தொண்டை அடைச்சு மௌத்தாயிட்டா. கடைசி வரைக்கும் இந்தக் கையை விடல.”

வேலை கிடையாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தத் தட்டைத் தூக்கிப் போட மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் மறுபடி வந்தார். என் கண் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் விரல் பதித்தார். சின்ன விரல்கள் இந்தத் தடவையும் வளர்ந்திருந்தன. முடிவு கேட்க வந்தபோது பழைய தட்டையும் புதியதையும் அவர் முன்னால் வைத்தேன். வேலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தட்டின் கண்ணாடி மூடி மேல் விரல் வைத்து இரண்டிலும் இருந்த சின்ன விரல்களை அளந்து பார்த்தார்.

“வளந்துட்டா, தம்பி” என்றார்.