தாங்கிப் பிடித்தவர்

"உடம்பு எப்படிடி இருக்கு? தலை சுத்தல் நின்னுச்சா? எழுந்திருக்காதே, உட்காரு!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியக்கா ஆரம்பித்துவிட்டாள். கையில் ஒரு பை. பைக்குள் ஆரஞ்சுப் பழம், குளுக்கோஸ் பாக்கெட், அன்றைய செய்தித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள் தங்கை.

"ஒண்ணும் இல்லாமத்தான் முதல் பக்கத்துல வந்திருக்கியா?"

பேப்பரைப் பிரித்து மடியில் போட்டாள் அக்கா. மேடைக்குக் கீழேயிருந்து எடுத்த படம். பாதியை மைக் மேஜை மறைத்திருந்தது. தங்கை தரையில் கண்மூடிச் சரிந்திருக்க, அவள் கணவர் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்திருந்தார். 'மயங்கிய வேட்பாளர், தாங்கிப் பிடித்த கணவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"ஓடற பஸ்ல இருபது வருஷம் நின்னே டிக்கெட் கிழிச்சவ நீ. டிரைவர் பிரேக் போட்டா, விழற ஆளை ஒத்தைக் கையால பிடிச்சு நிறுத்துவே. நீயே விழற அளவுக்கு ஆயிடுச்சே!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? நல்லா இருக்கணும், மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை சோபா மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்பவர். நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் மனிதர். கல்யாணமான நாளாக அக்காவிடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. இன்று என்னவோ சொல்ல வாயெடுத்தார். தங்கை ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டார்.

'பாவம், நல்ல வார்த்தைகூடப் பேச விடமாட்டேங்கறா' என்று நினைத்துக்கொண்டே அக்கா ஆரஞ்சை உரித்தாள். உரித்த சுளையையெல்லாம் தங்கை வாங்கி வாங்கிக் கணவர் கையில் வைத்தாள். குளுக்கோஸ் தண்ணீரும் அங்கேதான் போனது.

"நீ குடிடி! உனக்குக் கரைச்சா, புருஷனுக்கு ஊட்டிக்கிட்டு!"

டி.வி.யில் தங்கையை ஒருநாளும் பார்த்திராத ஒரு டாக்டர், அவள் படத்தில் கண்ணிமைக்கு அம்புக்குறி போட்டு ரத்தசோகை என்று விளக்கிக்கொண்டிருந்தார். தங்கை அதை அணைத்தாள்.

"எதிர்த்து நிக்கறவரை ரெண்டு பேர் அக்குள்ல கைகொடுத்துத்தான் மேடை ஏத்தறாங்க. கேட்டா அனுபவசாலியாம். நான் ஒரு தடவை தரையில உட்கார்ந்துட்டேன், மாதவிலக்கு நின்னுடுச்சான்னு மைக்கை நீட்டிக் கேட்கறான் ஒருத்தன்!"

அப்போதுதான் கட்சிச் செயலாளர் உள்ளே வந்தார். வந்தவர் துக்க வீடு மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, உடம்பைப் பார்த்துக்கங்க. குடும்பத்தோட மேடை ஏறணும், சாரும் ரெண்டு வார்த்தை பேசணும்னு நாங்க பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க விழுந்துட்டீங்க!" தொண்டையைச் செருமினார். "மேலிடத்துல பேசிட்டோம். வேட்பாளரை மாத்த இன்னைக்குத்தான் கடைசி நாள். நீங்க விலகிக்கங்க. சார் நிக்கட்டும்."

"எந்த சார்?"

"உங்க வீட்டு சார்தான். போட்டோ வந்ததுலேர்ந்து ஊரே அவரைத்தான் பேசுது. பொண்டாட்டியைத் தாங்கினவர் தொகுதியைத் தாங்கமாட்டாரா? ஆம்பளை, திடமான ஆளு."

மாப்பிள்ளைக்குச் சுளை தொண்டையில் சிக்கி இருமல் வந்தது.

"பிரசவ ஆஸ்பத்திரியைத் திறக்க வைப்பேன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னவ நான்" என்றாள் தங்கை. "அதை மூடினதாலதானே ஒரு பொண்ணு என் பஸ்லயே பிள்ளை பெத்தா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க."

"நீங்க சொன்னா யார்மா நம்புவா? பொம்பளை, சமாளிக்கறான்னுதான் சொல்வாங்க. சார் வாசலுக்கு வந்து பத்திரிகைக்காரங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டும். போதும்."

"விட்டுடுடி, உயிரைவிடவா பதவி பெருசு?" என்றாள் அக்கா.

தங்கை கணவரைப் பார்த்தாள்.

"சரி, நான் விலகிக்கறேன்" என்றாள். ஓடும் பஸ்ஸின் இரைச்சலையே அடக்கிய குரல் கம்மியிருந்தது. "ஆனா அவரை விட்டுடுங்க. வேற யாரை வேணா நிறுத்திக்கங்க."

மாப்பிள்ளை எழுந்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டார்.

"நான் பேசறேன்."

"அப்படிச் சொல்லுங்க, சார்!" என்று துள்ளினார் செயலாளர்.

"வேண்டாங்க. உங்களால முடியாது" என்றாள் தங்கை.

"முடியும்."

வாசலை நோக்கி நடந்தார். தங்கை ஒரே அடி இடைவெளியில் அவர் பின்னாலேயே போனாள். 'அந்த மனுஷனை ஒரு நிமிஷமாவது தனியா விடறாளா பாரு' என்று அலுத்துக்கொண்டு அக்காவும் கிளம்பினாள்.

கேட்டைத் திறந்ததும் கொத்தாக மைக்குகளும் கேமராக்களும் முகத்துக்கு நேரே வந்தன. மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மேடையில... என்னைப் பேசச் சொன்னாங்க" என்றார். "மைக்கைப் பார்த்ததும் மயங்கி விழுந்தது... என் பொண்டாட்டி இல்லீங்க..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கண் செருகியது, கால் மடங்கியது. பிரேக் போட்ட பஸ்ஸில் பயணியைப் பிடிப்பதுபோல் தங்கை அவரை ஒற்றைக் கையால் வாரிப் பிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன, பேப்பரில் இருந்ததைப் போலவே.

இந்தத் தடவை நடுவில் மேஜை எதுவும் இல்லை.