கடைசி வரிசை வட்டம்

"வாங்க, இந்த வட்டங்கள்ல ஏதாவது ஒண்ண அடைச்சுக் காட்டுங்க" என்று ஆசிரியை சாக்பீஸை நீட்டினார்.

அவள் எழுந்து போனாள்.

புள்ளியியலில் தடுமாறுகிறவர்களுக்கான துணை வகுப்பு அது. மருந்துக்கடை வேலைக்கு நடுவே படிக்க வந்தவள் அவள். மற்றவர்களைவிடப் பத்து வயதாவது மூத்தவள் என்பதால் வகுப்பு முழுக்க அவளுக்கு 'அக்கா'தான்.

பலகையின் உச்சியில் அன்றைய பாடத்தின் முதல் இலக்கு எழுதியிருந்தது: 'ஐம்பதில் ஒன்று என்றால் என்ன என்று மாணவர் தம் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும்.' அதன் கீழே வரிசைக்குப் பத்தாக ஐம்பது வட்டங்கள்.

சாக்பீஸ் முதல் வட்டத்தின் அருகே போய் நின்றது. பிறகு அடுத்ததன் அருகே. பிறகு அதற்கும் அடுத்ததன் அருகே.

எதிலும் படவில்லை.

"எதை மேடம்?"

"எதுவா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே!"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடானது. கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு வட்டம் மற்றவற்றைவிடச் சின்னதாக, இடமில்லாமல் ஒடுங்கிப்போயிருந்தது. அவள் பார்வை அதிலேயே ஒட்டிக்கொண்டது. கை மட்டும் எழவில்லை.

"சரி, உக்காருங்க. முதல் இலக்கே உங்களுக்குப் பிடிபடல போல" என்றார் ஆசிரியை. குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது.

முன்பெஞ்சு நெட்டையன் தானாகவே எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கிக்கொண்டான். வகுப்பைச் சிரிக்கவைக்க அதைக் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினான். மேல் வரிசைக்குக் கொண்டுபோனான். அங்கே வைக்காமல் கடைசி வரிசைக்கு இறங்கினான். ஒவ்வொரு வட்டமாகத் தாண்டி ஓரத்தை நோக்கி வந்தான்.

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வேண்டாம். அது வேண்டாம்.

சின்ன வட்டத்துக்கு ஒன்று முன்னால் அவன் நின்றான். அந்த முந்தைய வட்டத்தைக் கரகரவென்று அடைத்தான்.

அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த பெஞ்சுக்கே கேட்கும்படி வந்துவிட்டது.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"அது எங்க பாப்பா இல்ல."

சொன்ன பிறகுதான், வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

முந்தின நாள் அவள் வயிற்றிலிருக்கும் குழந்தையின் ஸ்கேனைப் பார்த்த டாக்டரும் இதே எண்ணைத்தான், இதே சாதாரணக் குரலில்தான் சொல்லியிருந்தார். இப்படித் தெரிகிற ஐம்பது குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் இதயத்தில் கோளாறு இருக்கும், அடுத்த சோதனையில் தெரிந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று. வீட்டில் யாரிடமும் அவள் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்துப் பெண் தன் கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவள் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அடைபட்டிருந்த அந்த வட்டத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

அது யாருடைய பாப்பாவோ.