நேரடி ஒலிபரப்பு

"அம்மா, இப்ப இருமினது அப்பாதான்."

ரேடியோவின் முன்பக்கத் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு சொன்னாள் யூனிஸ்.

"மெட்ராஸ்ல உங்கப்பா மட்டும்தான் இருமுவாரா? மார்கழிப் பனிக்கு ஊரே இருமுது" என்றாள் ஞானசௌந்தரி. சொன்னாளே தவிர, அவளும் அடுத்த இருமலுக்காகத்தான் காத்திருந்தாள்.

தாம்பரத்தில் குடியிருந்து அங்கேயே ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் தனசிங்குக்குச் சங்கீதம் என்றால் உயிர். மயிலாப்பூரோ மாம்பலமோ, எங்கே கச்சேரி என்றாலும் மின்சார ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து காத்திருந்த நாளில்கூடப் போனவர் அவர். ஆனால் டெல்லிக்கு மாற்றலான ஞானசௌந்தரியின் அண்ணன் இந்த ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் சண்டை. ரேடியோ பாட ஆரம்பித்தால் தனசிங் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

அன்று காலையிலும் அப்படித்தான்.

"சாயங்காலக் கச்சேரியை சபாவுல இருந்து நேரடியா ரேடியோவுல போடறாங்களாம். ஒரு நாளாவது வீட்டோட இருந்து எங்ககூட உக்காந்து கேளுங்களேன்" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"டப்பாவுக்குள்ள இருந்து வர்றதெல்லாம் பாட்டா? நான் ஆபீஸ்லேர்ந்து அப்படியே ரயிலேறிடுவேன்."

"அப்ப அந்த வித்வானையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டிபன் டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

யூனிஸ்தான் பக்கத்து வீட்டில் பற்றவைத்தாள். அப்பா எப்போதும் முன்வரிசை, பாட்டு நன்றாக இருந்தால் உரக்க "பலே" போடுவார், அது ரேடியோவில் கேட்கும் என்று. மாலைக்குள் செய்தி ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்வரை போய்விட்டது. முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா தானே வந்து தென்னைமரத்தில் ஏரியல் கம்பியை உயர்த்திக் கட்டினார். ரேடியோவை ஜன்னலில் வாசலைப் பார்க்க வைத்தார்கள். இருட்டுவதற்குள் முற்றம் நிறைந்து, கேட்டுக்கு வெளியே தெருவரைக்கும் கூட்டம். தனசிங் யாரென்றே தெரியாதவர்கள்கூட அவர் குரலைக் கேட்க வந்து நின்றார்கள்.

வித்வான் முதல் பாட்டை முடித்ததும் ரேடியோவுக்குள் யாரோ "பலே" என்றார்கள்.

"சார்தானே அக்கா?" என்றார் ஹிதாயத்துல்லா.

"இல்ல பாய். இது யாரோ மூக்கால பேசறவர்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "பலே". எல்லோரும் ஞானசௌந்தரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுவும் இல்ல. அவர் இப்படி அவசரப்பட மாட்டார்."

"இன்னாக்கா இது, சாருக்கு இன்னிக்கு மனசு சரியில்லியா? கச்சேரி ஜோராதானே போய்கினு கீது" என்றார் ஹிதாயத்துல்லா.

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியது. காலையில் அவள் சொன்ன வார்த்தைதான் காரணமோ? பட்டினியாக, முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாரோ? இருபது வருஷமாக அவருடைய கச்சேரிப் பைத்தியத்தைத் திட்டித் தீர்த்தவள், அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். 'ஆண்டவரே, ஒரே ஒரு பலே.'

வித்வான் கல்யாணியை எடுத்தார். மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. யூனிஸ் அம்மாவின் கையை இறுக்கிக்கொண்டாள். வித்வான் சுரத்தை விட்ட அந்தக் கணத்தில் வந்தது:

"ப... லே..."

நன்றாக இழுத்து, கடைசியில் ஒரு சிரிப்போடு.

"அவர்தான்" என்று துள்ளினாள் ஞானசௌந்தரி. "இது அவரேதான்."

முற்றம் முழுக்கக் கைதட்டல். வித்வானுக்குக்கூட அவ்வளவு கைதட்டவில்லை. யூனிஸ் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஹிதாயத்துல்லா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ கிளியரா கீது பார்த்தியாக்கா. பக்கத்துல நின்னு சொன்னா மாரியே கீது. ஏரியல் கட்டினது யாரு?"

மங்களம் பாடி முடிந்து கூட்டம் கலைந்தது. ஞானசௌந்தரி அடுப்பில் ரவையை வறுத்துக் கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது தனசிங் உள்ளே வந்தார். அவரைப் பேசவே விடவில்லை அவள்.

"தெருவே உங்க குரலைக் கேட்டுச்சுங்க. முதல்ல ரெண்டு பலே யாரோ போட்டாங்க, நான் இல்லேன்னுட்டேன். கல்யாணியில போட்டீங்க பாருங்க, அது ஒண்ணு போதும். காலையில நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த கச்சேரிக்கு நானும் வரேன்."

"எதுக்கு ஞானம்? வீட்டுலயே கேக்கலாம்."

கரண்டியை அப்படியே பிடித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். தனசிங் முகமெல்லாம் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பல்லாவரத்துல மரம் விழுந்து கம்பி அறுந்துபோச்சாம், வண்டியே ஓடலை. மொதப் பாட்டுலேர்ந்து நம்ம கேட்டுக்கு வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். 'தனசிங் சார் குரல் வரப்போகுது, கம்முனு நில்லுய்யா'ன்னு ஒருத்தர் அதட்டிக்கிட்டே இருந்தாரு, ஆனா கல்யாணியில என்னால அடக்க முடியலை."