முனியராஜின் கிளாசிக்

"வந்துட்டாருய்யா ஜமீன்தாரு," என்றார் திண்ணையில் உட்கார்ந்திருந்த அய்யாதுரை.

தெரு முக்கில் முனியராஜ் மோட்டார் சைக்கிள் என்ஜினை நிறுத்தி, இறங்கி, வழக்கம்போலத் தள்ள ஆரம்பித்தான். பழைய காலத்து புல்லட் சாயலில் செய்து புதிதாக வந்த வண்டி. உருண்டை லைட்டு, பளபளா டேங்கு, ஸ்பிரிங் வைத்த சீட்டு. கனமென்றால் அப்படியொரு கனம். கடைசி வீடான அவன் வீடு வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். காலையில் வெளியே போகும்போதும் முக்கு வரைக்கும் இதே கூத்துதான்.

"ஏலே, வண்டி உன்னச் சொமக்குதா, நீ வண்டியச் சொமக்கியா?"

"தெரு மேடும் பள்ளமுமா கெடக்கு அண்ணாச்சி. இதுக்குள்ள ஓட்டுனா வண்டி ஆடிப் போயிரும். இருவது வருசம் போனா இது கிளாசிக்காக்கும். பொத்திப் பொத்தி வச்சாத்தான் அப்ப கேட்ட வெலைக்குப் போகும்."

"பழசு மாதிரி செஞ்சா பழசாயிருமாலே?"

"வயசானா எல்லாம் பழசுதான அண்ணாச்சி."

பிரஸ்ஸிலிருந்து கூலிக்கு வாங்கி வந்த அட்டைகளை மடித்தபடி, தன் வாசலில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் வள்ளித்தாய். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய்ச் சேர்ந்தபோது, காரியம் முடிகிற வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம். அதன் பிறகு அவள் சாப்பிட்டாளா, படுத்தாளா என்று கேட்க நாதியில்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. இலவச டி.வி.யைப் போட்டால்தான் வீட்டுக்குள் ஆள் பேச்சே கேட்கும்.

இந்த முனியராஜ் தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் போகிறான். நிமிர்ந்து ஒரு பார்வை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் ஒரு மனுஷி தனியாகக் கிடந்து புழுங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, இரும்பை மட்டும் தாங்குதாங்கென்று தாங்குகிறான்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாதுரை மதுரையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். பெயர் இராமகிருஷ்ணன். பழைய மோட்டார் சைக்கிள்களாக வாங்கிச் சேர்ப்பவராம். முனியராஜ் வீட்டு வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. வள்ளித்தாயும் போய் ஓரமாக நின்றாள்.

"நெசமாவே இது கிளாசிக் ஆகுமா சார்?" என்று கேட்டார் அய்யாதுரை.

"யார் கண்டா? இன்னைக்குப் பழசா இருக்கிறதும் ஒரு காலத்துல புதுசுதானே. ஓட்டாம, உரசாம ஒருத்தர் காப்பாத்தி வச்சா ஆகலாம். அப்படி ஒருத்தர் இருக்காருன்னு சொன்னீங்களேன்னுதான் வந்தேன்."

குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். மீட்டரைத் துடைத்துப் பார்த்தார். பிறகு முனியராஜை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பள்ளத்துக்குப் பயந்து தள்ளுறவரா நீங்க? ஆலங்குளத்துச் சுண்ணாம்புப் புழுதி என்ஜினோட அப்பிக் கிடக்கு. மட்கார்டு நெளிஞ்சிருக்கு. பின்னால பூரா மூட்டை கட்டுன தழும்பு. மீட்டர் ஓடியிருக்கிறதைப் பார்த்தா தமிழ்நாட்டையே ரெண்டு சுத்து சுத்தியிருப்பீங்க போல. இது கிளாசிக் இல்லப்பா, பொதி சுமக்கிற கழுதை."

தெரு கொல்லென்று சிரித்தது.

"பிரஸ்ஸுக்கு ஊர் ஊரா ஆர்டர் எடுக்க அலையுற பொழப்பு சார். வேற வண்டி கெடையாது," என்றான் முனியராஜ்.

வந்தவர் காரில் ஏறிப் போய்விட்டார். அய்யாதுரை விடவில்லை.

"அப்ப நம்ம தெருவுல மட்டும் எதுக்குலே தள்ளுத?"

"அது... மேடு பள்ளம் அண்ணாச்சி..."

"ஆலங்குளம் ரோட்டுல இல்லாத பள்ளமாலே இங்கன கெடக்கு?"

முனியராஜ் தலையைச் சொறிந்தான். வள்ளித்தாய்க்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எல்லாம் பவுசுதான். நாலு பேரு பாக்கணும், ஒன்னப் பத்தியே பேசணும். ஒரு நாளாவது என் வாசல்ல நின்னு, சாப்பிட்டியாக்கான்னு கேட்டிருக்கியா தம்பி? அங்கன ஒருத்தி இருக்காங்கிற நெனப்பாச்சும் உண்டுமா ஒனக்கு?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"தப்புத்தான்க்கா," என்று சொல்லிவிட்டு முனியராஜ் வண்டியை வீட்டுக்குள் தள்ளப் போனான்.

அவன் பெண்சாதி பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எம்புட்டுத்தான் வாங்கிக் கட்டிக்குவீக?" என்று நடைப்படியை விட்டு இறங்கினாள்.

"சும்மா இரு செல்வி."

அவள் கேட்கவில்லை. வள்ளித்தாயின் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"வண்டி வாங்குன அன்னைக்கு இவுக ஓட்டிக்கிட்டுத்தான் வந்தாக மதினி. உங்க வாசலத் தாண்டயில அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, கம்பெனி வெடிச்சிருச்சுன்னு அண்ணன் பேரச் சொல்லிக்கிட்டே வெறுங்காலோட ஓடுனீக. அன்னைக்கு நிப்பாட்டுன வண்டிதான். இன்னைவரைக்கும் இந்தத் தெருவுக்குள்ள ஸ்டார்ட் பண்ணல."