சத்தமில்லாத கெட்டிமேளம்

பழைய துறைமுகத்தைச் சதுப்பு நிலமாக்கிப் பூநாரைகளுக்குக் கொடுத்த பிறகு, அவை அடைகாக்கும் மாதங்களில் அந்தக் கரையில் சத்தமே கூடாது. நறுமுகையின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மூடுபனிக்குள் நாதஸ்வரக்காரரின் விரல்கள் மட்டும் அசைந்தன. தவில்காரர் காற்றில் கொட்டினார். துருப்பிடித்த கிரேன்களுக்கு அடியில், பறவைகளால் தண்ணீரே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையை மட்டும் உயர்த்தினார். தாலி கழுத்தருகே வந்தது.

வீட்டில் மிக்சி ஓடும்போது மட்டும் நறுமுகை அம்மாவிடம் அதைச் சொல்வாள். "என்னடி? கேக்கல" என்பாள் அம்மா. இப்போதும் மேளம் முழங்குகிற நினைப்பில் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்மா."

பந்தல் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. ஒரு பறவைகூடப் பறக்கவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். இந்தமுறை "கேக்கலடி" என்று சொல்ல அவளால் முடியவில்லை.